முந்திரிகைத் தோட்டங்களினூடே ஒரு நாட் பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் முந்திரிகைப் பந்தல்களைக் கண்டு பழகியவர்கள், அக்கொடியை நிழல் தரும் பந்தலாகவும், அதன் கனியைச் சந்தையில் நிறுத்து விற்கும் பண்டமாகவுமே அறிவார்கள். ஐரோப்பாக் கண்டத்திலோ அதே கொடியின் கனி பெரும்பாலும் பிழியப்பட்டு, நொதித்து, வைன் என்னும் மதுவாக மாறுகின்றது. எந்த மலைச்சரிவில், எந்த மண்ணில், எந்த ஆண்டின் வெயிலில் அக்கனி பழுத்ததோ, அதற்கேற்ப அதன் சுவையும் வேறுபடும். ஆதலால், வைன் விளையும் ஊருக்கே நேரிற் சென்று, விளைவித்தவர் கையாலேயே சிறிது வாங்கிச் சுவைத்து, மாலையில் மீளும் வழக்கம் மேனாட்டாரின் விடுமுறைப் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக நிலைபெற்றுவிட்டது.

பாரிஸ் மாநகரிலும் அதன் அயலிலும் உற்றார் உறவினர் வாழ்வதனால், இன்று இலங்கைத் தமிழர் பலர் விடுமுறைக்குப் பிரான்சு தேசம் செல்கின்றனர். அங்கு சென்றவர்களுக்கு இத்தகைய பயணத்துக்கு அழைப்பு வருவதும் புதுமையன்று. ஆயினும், முன்யோசனையின்றிப் புறப்பட்டவர்களின் அநுபவம் பெரும்பாலும் ஒரே வகையாக முடிகின்றது. காலையில் ஆறு ஊர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு புறப்படுகின்றனர்; மாலையில் எத்தனை ஊர் பார்த்தோம் என்ற கணக்கு மட்டுமே மிஞ்சுகின்றது. எதைச் சுவைத்தோம், யாருடன் பேசினோம் என்பவையெல்லாம் மங்கிவிடுகின்றன. அதனினும் பெரிய இடர், வண்டியைச் செலுத்தியவரும் மற்றவர்களோடு சேர்ந்து சுவைத்திருப்பதே. எவற்றை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே துணிவதுதான் இப்பயணத் திட்டத்தின் உயிர்நாடி.

கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரத்தையே வகுத்தவர் திருவள்ளுவர். அவரைப் போற்றும் மக்களுக்கு மதுவைச் சுவைக்கும் பயணம் பற்றி எடுத்துரைப்பது தகுமோ என நேயர் சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. அதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. கொழும்பிலே தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏலத்துக்கு வரும் தேயிலையை மதிப்பிடுபவர், வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து கரண்டியால் தேநீரை எடுத்து, காற்றோடு சேர்த்து ஓசையெழ உறிஞ்சி, நாவில் உருட்டி, படிக்கத்தில் உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்கின்றார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தேநீர்களை அவர் சுவைக்கின்றார், ஒன்றையேனும் அருந்துவதில்லை. வைன் சுவைத்தலும் முறைப்படி செய்யின் இதே தொழில்தான். சுவைத்தல் வேறு, குடித்தல் வேறு. இந்த வேறுபாட்டை மறந்தவனுக்கே பயணம் கேடாகின்றது. மதுவை நாவிலும் தொடாதவர்கூட இப்பயணத்திற் பங்குபற்றலாம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

திட்டமிடும் முறையை விளக்குவதற்கு ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொள்வது நலம். பிரான்சின் கிழக்கெல்லையில், ரைன் நதிக்கும் வோஜ் மலைத்தொடருக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் அல்சாஸ் என்னும் மாநிலம் அதற்கு மிகப் பொருத்தமானது. ஊர்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. புகையிரத வசதியும் உண்டு. வைன் செய்வோர் பலர் தம் நிலவறைகளிலேயே வருவோரை வரவேற்கின்றனர். பாரிசிலிருந்து ஸ்ற்றாஸ்பூர்க் நகருக்கு அதிவேகப் புகையிரதம் இரண்டு மணித்தியாலத்துக்குள் சென்றுவிடுகின்றது. அங்கிருந்து அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய பயணத்தில் கொல்மார் என்னும் நகரை அடையலாம். முந்திரிகைத் தோட்டங்களின் நடுவே இருப்பிடம் கொள்ள விரும்புவோருக்குக் கொல்மாரே உகந்த ஊர்.

இத்துணை வடக்கே, குளிர் மிகுந்த நாட்டில் முந்திரிகை எவ்வாறு செழிக்கின்றது? அதற்கு விடை மட்டக்களப்பு மக்கள் நன்கறிந்த கச்சான் காற்றில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது வறண்ட வெப்பக் காற்றாக வீசுகின்றதன்றோ? அல்சாஸிலும் அதுவே நிகழ்கின்றது. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று வோஜ் மலையின் மேற்குப் புறத்திலும் உச்சியிலும் தன் நீரைக் கொட்டிவிடுகின்றது. மலைக்குக் கிழக்கே அமைந்த கொல்மாரில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீற்றர் மழையே பெய்கின்றது. இது யாழ்ப்பாணத்து மழையில் ஏறத்தாழப் பாதியாகும். பிரான்சிலேயே மழை மிகக் குறைந்த நகரங்களுள் கொல்மாரும் ஒன்று. மேகம் குறைந்த வானமும், கிழக்கும் தென்கிழக்கும் நோக்கிய சரிவுகளும், நீண்டு வறண்ட இலையுதிர்காலமும் சேர்ந்து கனியை மெல்ல மெல்லப் பழுக்க வைக்கின்றன.

மண்ணும் ஒரே தன்மையதன்று. பண்டைக் காலத்தில் ரைன் பள்ளத்தாக்கு கீழே அமிழ்ந்தபோது அதன் ஓரத்திலிருந்த பாறைகள் உடைந்து கலந்தன. அதனால் சிறிது தூரத்துக்குள்ளேயே கருங்கல், சுண்ணாம்புக்கல், மணற்கல், களி என மண் மாறிக்கொண்டே போகும். ஒரே குடும்பத்தார் ஒரே வகைக் கனியை இரண்டு தோட்டங்களில் விளைவித்து இருவேறு வைன்களாக விற்பது இக்காரணத்தாலேயே. இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்துப் பார்ப்பது, கடையில் வாங்கி வீட்டில் அருந்துவோருக்கு எளிதிற் கிட்டாத பாடம். பயணத்தின் முதற் பயன் அதுவே.

வைன் வீதி எனப் பெயரிட்டு, வடக்கே மார்லென்ஹைம் என்னும் ஊரிலிருந்து தெற்கே தான் என்னும் ஊர் வரை, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் நீளமான பாதை 1953ஆம் ஆண்டிலே சுற்றுலாவுக்கெனத் திறந்துவைக்கப்பட்டது. அந்த ஆண்டைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அல்சாஸ் 1871இல் யேர்மனியின் வசமாயிற்று. 1918இல் பிரான்சிடம் மீண்டது. 1940இல் மறுபடியும் யேர்மனியால் விழுங்கப்பட்டது. 1945இல் முற்றாக விடுபட்டது. பிறந்த ஊரை விட்டு ஓரடியும் நகராத ஒரு கிழவி, தன் வாழ்நாளில் நான்கு முறை நாடு மாறியிருப்பாள். ஒவ்வொரு முறையும் பாடசாலையின் மொழி மாறிற்று. அரசாங்கக் கந்தோரின் மொழி மாறிற்று. ஊர்ப் பெயர்கள் யேர்மன் ஓசையோடும், ஊரார் பேச்சு பிரெஞ்சு மொழியிலும் இருப்பதைக் கண்டு வியப்புறும் பயணி இவ்வரலாற்றை அறிந்து செல்லுதல் நலம்.

1944ஆம் ஆண்டின் கடைசியிலும் 1945இன் தொடக்கத்திலும் கொல்மாரைச் சூழ்ந்து கடும்போர் நடந்தது. பென்வீர், சிகோல்ஸ்ஹைம், அம்மெர்ஷ்வீர் ஆகிய ஊர்கள் ஏறக்குறைய தரைமட்டமாயின. இன்று அவ்வூர்களில் வீடுகள் புதியனவாகவும், சில மைல் தூரத்திலுள்ள றிக்வீரில் பதினாறாம் நூற்றாண்டு வீடுகள் அப்படியே நிலைத்தும் இருப்பதன் காரணம் இதுவே. சிகோல்ஸ்ஹைம் ஊருக்கு மேலே, முந்திரிகைத் தோட்டங்கள் சூழ்ந்த குன்றின்மீது, அப்போரில் இறந்த 1,500க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் கல்லறைகள் உள்ளன. அவர்களுட் பலர் வட ஆபிரிக்காவிலிருந்து வந்து பிரெஞ்சுப் படையிற் போரிட்டு மடிந்த முஸ்லிம்கள். போர் முடிந்து எட்டே ஆண்டுகளில் வைன் வீதி திறக்கப்பட்டது. பயணி ஒருவர் நிலவறையொன்றில் வாங்கும் போத்தலின் விலை, இப்படி மீண்டெழுந்த குடும்பங்களின் பிழைப்போடு பிணைந்தது.

இனித் திட்டத்துக்கு வருவோம். 170 கிலோமீற்றர் பாதையை ஒரே நாளில் ஓடி முடிக்க மோட்டார் வண்டியால் இயலும்; மனிதனின் நாவினால் இயலாது. இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு நிலவறையில் ஆறு வகை வைன் ஊற்றித் தருகின்றனர் எனக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஊற்றுவது 4 சென்ரிலீற்றர் அளவே. பார்வைக்கு மிகச் சிறிது. ஐந்து நிலவறைகளுக்குச் சென்றால் முப்பது முறை ஊற்றியாகிவிடும். அதன் கூட்டுத்தொகை 120 சென்ரிலீற்றர். ஒரு போத்தல் 75 சென்ரிலீற்றர் கொண்டது. ஆகவே, “சும்மா சுவைத்துப் பார்த்தேன்” என்று சொல்லும் ஒருவர் ஒன்றரைப் போத்தலுக்கு மேல் விழுங்கியிருப்பார். இரண்டே நிலவறைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து வகை என்று குறைத்தாலும் 40 சென்ரிலீற்றர் ஆகின்றது. நூற்றுக்கு 12 அல்லது 13 வீதம் மதுசாரம் கொண்ட வைனில் அது பிரான்சின் கணக்குப்படி நான்கு கிண்ணங்களுக்குச் சமன்.

பிரான்சின் சட்டம் வண்டியோட்டுபவரின் இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு 0.5 கிராம் மதுசாரத்தை எல்லையாக வகுத்துள்ளது. அநுமதிப்பத்திரம் பெற்றுத் தகுதிகாண் காலத்தில் உள்ளோருக்கு எல்லை 0.2 கிராம்; அதாவது ஒரு கிண்ணமும் ஆகாது. ஒவ்வொரு கிண்ணமும் இரத்தத்தில் 0.20 முதல் 0.25 கிராம் வரை ஏற்றிவிடுமென்றும், உடல் அதை மணித்தியாலத்துக்கு 0.10 முதல் 0.15 கிராம் வீதமே அகற்றுமென்றும் அந்நாட்டு வீதிப் பாதுகாப்புத் துறையினர் கூறுகின்றனர். கோப்பி குடிப்பதாலோ, முகத்தைக் கழுவுவதாலோ, குளிர்காற்றில் நடப்பதாலோ அந்த வேகம் கூடுவதில்லை. இரண்டு கிண்ணத்தோடு எல்லை நெருங்கிவிடும்போது, இரண்டு நிலவறைகளில் விழுங்கிச் சுவைத்தவர் வண்டியின் சுக்கானைத் தொடவே கூடாதவர் என்பது தெளிவு. அல்சாஸின் ஊர்த் தெருக்கள் ஒடுங்கியவை. துவிச்சக்கர வண்டியில் வருவோரும் சிறுவர்களும் நடமாடுபவை. தண்டப்பணத்துக்கு அஞ்சுவதிலும் அவ்வுயிர்களுக்கு அஞ்சுவதே பெரிது.

ஆகவே, திட்டத்தின் முதல் வரியில் எழுதவேண்டியது ஊரின் பெயரன்று. வண்டி ஓட்டுபவரின் பெயர். குழுவில் மது அருந்தாதவர் ஒருவர் இருப்பின் அவர் அன்றைய தலைவர். அவருக்கு வேண்டிய மதிய உணவையும் ஓய்வையும் மற்றவர்கள் பொறுப்பேற்பது முறை. அத்தகையவர் இல்லையெனில் வண்டியைக் கொல்மாரிலேயே விட்டுவிடல் வேண்டும். கொல்மாரிலிருந்து றிக்வீர், றிபோவில்லே முதலிய ஊர்களுக்குப் பஸ் வண்டிகள் செல்கின்றன. எனினும் சேவைகள் அடிக்கடி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேலும் குறைவு. ஆதலால் போகும் நேரத்தைப் பார்ப்பதிலும் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் குறித்துக்கொள்வது முக்கியம். சாரதியோடு சிறு வண்டிகளை ஒழுங்குசெய்து கொடுப்போரும் உளர். நால்வர் ஐவராகச் செல்வோருக்குச் செலவு பகிர்ந்துவிடும். துவிச்சக்கர வண்டியையும் சிலர் நாடுவர். ஆனால் சுவைத்தபின் அதுவும் வண்டியே என்பதை மறத்தலாகாது. எல்லாவற்றினும் பாதுகாப்பானது நடை. ஊர்களுக்கிடையே முந்திரிகைத் தோட்டங்களினூடாக நடைபாதைகள் உள்ளன.

அடுத்துக் காலம். வைகாசி, ஆனி மாதங்களில் கொடி தளிர்த்துப் பூக்கும்; கூட்டம் குறைவு; நிலவறைக்காரருக்கும் பேச நேரமுண்டு. ஆடி, ஆவணியில் உல்லாசப் பயணிகள் நிரம்பி வழிவர். புரட்டாதி, ஐப்பசியில் அறுவடை நடைபெறும். அக்காட்சி காணத்தக்கதே, ஆயினும் அறுவடை செய்பவருக்கு அது ஓராண்டு உழைப்பின் பலனைக் காக்கும் நேரம். நெல் சூடடிக்கும் நாளில் விருந்தினர் வந்து கதைகேட்க நின்றால் வன்னிக் கமக்காரன் எப்படித் திண்டாடுவானோ, அப்படியே அவரும் திண்டாடுவார். சில ஊர்களில் அறுவடை முடியும்வரை தோட்டப் பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. மார்கழியில் நத்தார்ச் சந்தைகளின்பொருட்டுப் பெருங்கூட்டம் கூடும். அப்போது கொடிகள் இலையுதிர்ந்து நிற்கும். ஆதலின் முதன்முறை செல்வோருக்கு இளவேனிலின் கடைசியே சிறந்தது.

நாளும் நேரமும் அதுபோலவே கருதத்தக்கன. நண்பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை பல நிலவறைகள் மூடப்படும். அது குடும்பத்தார் உணவருந்தும் நேரம். ஞாயிற்றுக்கிழமை திறவாதவர்களும் உளர். பெரிய வணிக நிலையங்களுக்கு நேரே செல்லலாம். சிறிய குடும்பத்தாரிடம் முன்கூட்டி எழுதியோ தொலைபேசியிலோ நேரம் கேட்டுக்கொள்வது மரியாதை. எத்தனை பேர் வருகின்றனர், எம்மொழி பேசுவர், எத்தனை மணிக்குப் புறப்படுவர் என்ற மூன்று செய்திகளைச் சொன்னாற் போதும். வருவதாகச் சொல்லி வாராமலிருப்பது எந்நாட்டிலும் பண்பன்று.

என்ன சுவைக்கலாம் என்பதையும் ஓரளவு அறிந்து செல்லுதல் வேண்டும். பிரான்சின் பிற பகுதிகளில் போத்தலின்மீது பெரும்பாலும் ஊரின் பெயரையே முதன்மையாக எழுதுவர். அல்சாஸிலோ கனியின் பெயரை எழுதுவது வழக்கம். ஆதலால் புதியவர்க்கு விளங்குவது எளிது. சில்வனேர், பினோ பிளாங், றீஸ்லிங், முஸ்கா, பினோ கிறி, கெவூர்ஸ்ட்றமினேர், பினோ நுவார் என்பன அங்கு முதன்மையான ஏழு வகைகள். இவற்றுள் கடைசி ஒன்றே சிவப்பு வைன் தருவது, ஏனையவை வெள்ளை. சில்வனேர் எளிய சுவையும் புத்துணர்வும் கொண்டது. றீஸ்லிங் எலுமிச்சையை ஒத்த புளிப்பும் தெளிவும் உடையது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் மண்ணெண்ணெயை நினைவூட்டும் மணம் எழுவதுண்டு. அது குற்றமன்று, முதிர்ச்சியின் அடையாளம் என்பர். முஸ்கா, கடித்த கனியின் மணத்தையே தரும். பினோ கிறி கனத்தது. முன்னர் தொக்காய் என வழங்கிய அது, ஹங்கேரி நாட்டு வைனோடு மயங்காதிருக்கும்பொருட்டு 2007இல் அப்பெயரை இழந்தது. கெவூர்ஸ்ட்றமினேர் வைனில் ரோசாவின் மணமும், நம் நாட்டு றம்புட்டானுக்கு உறவான லைச்சிப்பழத்தின் மணமும் வீசும்.

சுவைக்கும் வரிசையும் இதையொட்டியதே. மென்மையானது முதலில், கனத்தது பின்னர். இனிப்பற்றது முதலில், இனிப்பானது கடைசியில். பாயசத்தை உண்டபின் இரசம் சுவைக்காதென்பது நம் பந்தியில் இருந்தெழுந்த எவருக்கும் தெரியும். இனிப்பின் அளவு பற்றி முன்னர் வாங்குவோர் குழம்புவதுண்டு. 2021ஆம் ஆண்டின் அறுவடை முதல், அல்சாஸ் வெள்ளை வைன் இனிப்பற்றதா, சற்று இனியதா, மிக இனியதா என்பதைப் போத்தலின்மீது குறித்தல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அல்சாஸ் என்னும் பெயருக்கே 1962இல்தான் சட்டப் பாதுகாப்புக் கிட்டிற்று. மிகச் சிறந்தவை எனத் தெரிந்தெடுக்கப்பட்ட 51 தோட்டங்களின் பெயர்கள் தனிமதிப்போடு வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் சாதாரண வைன் ஒன்றின் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்கலாம்.

சுவைக்கும் முறை கடினமானதன்று. கிண்ணத்தை அதன் காம்பிற் பிடித்தல் வேண்டும். கைச்சூடு வைனுக்கு ஏறலாகாது. வெண்மையான தாளின்முன் நிறத்தை நோக்கி, மணத்தை முகர்ந்து, கிண்ணத்தை மெல்லச் சுழற்றி மறுபடியும் முகர்தல் வேண்டும். சிறிது வாயிற்கொண்டு, நாவின் எல்லாப் பக்கமும் படரவிட்டு, படிக்கத்தில் உமிழ்ந்துவிடலாம். உமிழ்வதை அங்கு எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. தொழிலறிந்தவர் எனவே மதிப்பர். பின்னர் இரண்டு சொற்களைக் குறிப்பேட்டில் எழுதுதல் நன்று: நினைவுக்கு வந்த பழம் ஒன்று, மனத்திற் பட்ட குறையோ நிறையோ ஒன்று. “மாம்பழம், முடிவில் கசப்பு” என்று எழுதியவர் மறுநாளும் அதை நினைவுகூர்வார். உமிழ்ந்தாலும் சிறிதளவு மதுசாரம் உடலிற் சேரும். ஆதலால் வண்டி ஓட்டுபவர் முகர்வதோடு நிறுத்திக்கொள்வதே தக்கது. அன்று காலையில் காரச் சம்பலும், வெற்றிலையும், வாசனைத் தைலமும் விலக்கத்தக்கன. முதலிரண்டும் தம் நாவைக் கெடுக்கும். மூன்றாவது அயலில் நிற்போர் மூக்கையும் கெடுக்கும்.

மதுவைத் தீண்டாதோருக்கும் சிறுவருக்கும் அங்கே இடமுண்டு. சில தோட்டக்காரர் நொதியாத முந்திரிகைச் சாறும் விற்கின்றனர். மணத்தை முகர்ந்து வேறுபடுத்தும் விளையாட்டிற் சிறுவர் பெரியோரை வென்றுவிடுவதும் உண்டு. கோபுர வீடுகள், கோட்டை மதில்கள், கூரைமேற் கூடுகட்டிய நாரைகள் என அவர்கள் காணத்தக்கவை பல. 1970களில் அல்சாஸ் நாரைகள் ஏறக்குறைய அற்றுப்போயின; ஹுனாவீர் என்னும் ஊரில் 1976இல் ஏற்பட்ட வளர்ப்பு நிலையம் முதலான முயற்சிகளால் அவை மீண்டன.

நாளை வகுப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். காலை 9 மணியளவிற் கொல்மாரிலிருந்து பஸ் வண்டியில் ஏறினால், ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தூரத்திலுள்ள றிக்வீரை அடையலாம். கூட்டம் சேருமுன் மதில் சூழ்ந்த அச்சிற்றூரின் தெருக்களைச் சுற்றிவந்து, 10.30க்கு முதல் நிலவறைக்குட் புகலாம். 1715ஆம் ஆண்டிற் செய்யப்பட்டு இன்றும் பயன்படும் பெரிய மரப்பீப்பா ஒன்று அவ்வூரின் நிலவறையொன்றில் உள்ளது. ஐந்து வகைக்கு மேல் கேளாதிருத்தல் நலம். நண்பகலில் வயிறார உண்ணுதல் வேண்டும்; வெறும் வயிற்றிற் சுவைத்தல் தவறு. பாணும், முன்ஸ்ரர் என்னும் மணமிக்க பாலாடைக்கட்டியும் அந்நாட்டுக்கே உரியன. நெருப்பிற் சுட்ட மெல்லிய தட்டைப் பணியாரம் ஒன்றும் பெயர்பெற்றது; அதில் பாலேடு, வெங்காயத்தோடு பன்றியிறைச்சியும் சேர்வதால், விலக்குவோர் முன்னரே சொல்லிவிடல் வேண்டும்.

உணவுக்குப் பின் முந்திரிகைத் தோட்டங்களினூடாக ஹுனாவீருக்கு நடக்கலாம். முக்கால் மணித்தியாலம் போதும். அவ்வூரின் மேட்டில், மதில் சூழ்ந்து கோட்டைபோல் நிற்கும் கோயிலைக் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பொதுவாகப் பயன்படுத்தி வருகின்றனர். மேலும் அதேயளவு தூரம் நடந்தால் றிபோவில்லே. 1895இல் ஏற்பட்ட வைன் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அங்குள்ளது. பிரான்சின் மிகப் பழைய வைன் கூட்டுறவு அதுவே என்பர். தனித்து நின்றால் வியாபாரிகளின் விலைக்குப் பணியவேண்டியிருந்த சிறு தோட்டக்காரர் ஒன்றுசேர்ந்து நிமிர்ந்த கதையை அங்கே கேட்டறியலாம். 4 மணிக்கு அங்கே இரண்டாவது சுவைத்தலை முடித்துக்கொண்டு, ஊருக்கு மேலே மலையில் இடிந்து நிற்கும் மூன்று கோட்டைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாலை வண்டியிற் கொல்மார் திரும்பலாம். இரண்டே நிலவறைகள், மூன்றே ஊர்கள். அல்பேட் சுவைற்சர் 1875இற் பிறந்த கைஸர்ஸ்பேர்க், வட்டவட்டமாகத் தெருக்கள் அமைந்த எகிஷைம், சிகோல்ஸ்ஹைம் குன்று ஆகியன மற்றொரு நாளுக்கு உரியன. இன்று விட்டது நாளை திரும்பி வருவதற்குக் காரணமாகும்.

வாங்குதல் பற்றியும் ஒரு சொல். சுவைக்கக் கொடுப்பதற்குச் சிலர் சிறு கட்டணம் வாங்குவர். சிலர் ஒன்றும் வாங்கார். கட்டணமின்றி அரை மணித்தியாலம் செலவிட்டுப் பேசியவரிடம் ஒன்றிரண்டு போத்தலாவது வாங்கி வருதல் நன்றி. மனத்துக்குப் பிடிக்காததைப் புகழவேண்டியதில்லை. “இது எனக்கு இனிப்பு மிகுதி” என்று பணிவாகச் சொன்னால், அவர் அதற்கேற்றதைத் தெரிந்து தருவார். வாங்கிய போத்தலை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடலாகாது. ஒரு பிற்பகலின் வெப்பமே அதைக் கெடுத்துவிடும்.

ஸ்ற்றாஸ்பூர்க் நகரின் பழைய ஆஸ்பத்திரிக்குக் கீழே 1395ஆம் ஆண்டு முதல் ஒரு நிலவறை உண்டு. அங்கே 1472ஆம் ஆண்டின் வைன் இன்றும் பீப்பாவிற் காக்கப்பட்டு வருகின்றது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அது மூன்றே முறைதான் விருந்தினர்க்கு வழங்கப்பட்டதாகக் கூறுவர்: சூரிச் நகரத்தார் படகேறி நட்புப் பாராட்ட வந்த 1576இல் ஒரு முறை, எரிந்த ஆஸ்பத்திரியை மீளக் கட்டத் தொடங்கிய 1718இல் ஒரு முறை, நகரம் விடுதலையடைந்த 1944இல் லெக்லேர் தளபதிக்கு ஒரு முறை. நட்பு, மீள்கட்டுமானம், விடுதலை என்னும் மூன்றும் வாய்த்தபோது மட்டுமே அந்தப் பீப்பா திறந்தது.

ஒரு நாட் பயணம் போகின்றவருக்கு இத்துணைப் பொறுமை வேண்டியதில்லை. ஆயினும் வண்டி ஓட்டுபவர் யார் என்று முதலில் எழுதி, ஊர்களில் மூன்றையும் நிலவறைகளில் இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிட்டால், அவர் இரவில் நலமே விடுதி திரும்புவார். குறிப்பேட்டிற் பத்து வைன்களின் சுவை இருக்கும். போரில் இடிந்து மீண்ட ஊர்களின் பெயர்களும், தம் நிலவறைக் கதவைத் திறந்துவிட்ட மனிதரின் முகமும் நினைவில் இருக்கும்.